சோளத்தட்டைத் துப்பாக்கி

என் பெரியப்பா மகன் என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவன். அதற்காக அவனை நான் அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் அப்பாவைத் துப்பாக்கியால் சுட்டிருந்தார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியப்பா பட்டாளத்தில் இருந்தார். எண்பத்தேழில் இலங்கைக்குப் போனவர், அடுத்த வருடம் வலது தொடையில் குண்டுக் காயத்தோடு பென்னாகரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். என் அப்பாவுக்கும் கல் குவாரியில் இரண்டு விரல் போயிருந்தது. அவரை யாரும் எதையும் ஏற்றக் கூப்பிடவில்லை.

பெரியப்பாவோடு இலங்கையில் இருந்தவர் ஒருவர், பாப்பாரப்பட்டிக்காரர். லீவில் வந்தால் டிரங்குப் பெட்டியோடு நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் வருவார். சொந்த வீடு அப்புறம்தான். அண்ணனுக்குக் கேன்டீன் பிஸ்கட் கொண்டுவருவார். ஒருமுறை பச்சை பெல்ட் ஒன்று கொண்டுவந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்து, பெரியப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்ப்பார். குண்டு நுழைந்த தழும்பு தொடையின் பின்பக்கம் இருந்தது. மிலிட்டரிக்காரரே கால் பிடித்துவிடும் மனிதருக்கு நான் ஏன் மகனாகப் பிறக்கவில்லை என்று வயிறு எரியும்.

நாங்கள் களத்துமேட்டில் சண்டை விளையாடுவோம். சோளத்தட்டைதான் துப்பாக்கி. அண்ணன் எப்போதும் பெரியப்பா. நான் எப்போதும் எதிரி. விழுந்து சாவது என் வேலை. பெல்ட் வந்த அன்று அதை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வந்தவன், பெரிய மனது பண்ணி என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டான். ஆள் இல்லாததால் புளியமரம் எதிரியானது. அவன் முன்னால் தவழ்ந்து போனான். வெயிலில் பெல்ட்டின் கொக்கி மின்னியது. நான் பின்னாலிருந்து சுட்டேன். சுட்டேன் என்றால், தட்டையால் முதுகில் ஓங்கி ஒரு குத்து.

அவன் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். பாப்பாரப்பட்டிக்காரர் களி தின்றுகொண்டிருந்தார். பெரியப்பா சுவரில் சாய்ந்திருந்தார்.

“இவன் நம்ம கட்சியில இருந்துக்கிட்டே என்னச் சுட்டுட்டாம்ப்பா. நம்ம ஆள நம்ம ஆளே சுடுவானா?”

“இருட்டுல யாருன்னு தெரியலைங்க பெரிப்பா” என்றேன். அப்போது உச்சிவெயில்.

களிக்குள் போன கை அப்படியே நின்றது. பெரியம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். எனக்கு விழப்போகும் அடிக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து முதுகை விறைப்பாக்கிக்கொண்டேன்.

“இருட்டுல தெரியாதுதான். வேணும்னேவா சுட்டான்?” என்றார் பெரியப்பா. அவர் என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. “இன்னும் எத்தன நாளைக்கு அதையே நெனச்சிக்கிட்டு இருப்ப? வுடுடா. களி ஆறுது, சாப்புடு.”

பாப்பாரப்பட்டிக்காரர் எழுந்து கை கழுவப் புழக்கடைக்குப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

பெரியப்பா தன் மகனை விட்டுவிட்டு எனக்காகப் பேசிய ஒரே தடவை அது. அந்தச் சந்தோஷத்திலேயே பத்து நாள் திரிந்தேன். அண்ணனிடம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். பிறகு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி, செங்கல் சூளை, குடகுக் காப்பித் தோட்டம் என்று ஊர் ஊராகப் போனேன். எங்கோ ஒரு கொட்டகையில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்த வீட்டில் களித்தட்டு ஒன்றுதான் இருந்தது. அது அண்ணன் முன்னால் இல்லை.