எரிகிற மண்ணுக்கு என் கையெழுத்து

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டவன் நான். தெரியாமல் அல்ல. 'இது தப்பு' என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு!

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் பாமாயில் வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் டாகுமெண்ட் மேனேஜராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்தோனேசியாவிலிருந்து எண்ணெய் வரும். எங்கள் டேங்குகளில் தங்கும். பிறகு பயோடீசல் செய்கிறவர்களுக்குப் போகும். அதன் பெயர் பசுமை எரிபொருள்! அப்படி விற்க ஒரு படிவம் வேண்டும். 'இந்த எண்ணெய் விளைந்த தோட்டம் கரிச் சதுப்பு நிலத்தில் இல்லை.' கீழே என் கையெழுத்து.

கரிச் சதுப்பு என்றால்? செத்த மரமும் இலையும் தண்ணீருக்குள் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்துபோன மண். ஈரமாக இருக்கும்வரை கார்பனைப் பூட்டி வைத்திருக்கும். தண்ணீரை வடித்துவிட்டால்... அந்த மண்ணே விறகு.

சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. தோட்டம் இருக்கும் இடத்தை மேப்பில் போட்டுப் பார்த்தால் போதும். நான் என்ன செய்வேன்? போன கப்பலின் ஃபைலைத் திறப்பேன். கப்பல் பெயர், தோட்டத்தின் பிளாக் நம்பர், தேதி — மூன்றையும் மாற்றி பிரிண்ட் எடுப்பேன். எங்கள் ஆபீஸில் ஒரு வேலை முடிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலையைச் செய்வது. இன்னொன்று, அரபியில் 'கலாஸ்', அதாவது 'முடிந்தது' என்று சொல்வது.

சேவியர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எண்ணெய் கொண்டுவரும் டேங்கரில் பம்ப்மேன். ஒருநாள் கப்பலில் வைத்து நான் கையெழுத்துப் போடும்போது எட்டிப் பார்த்தார்.

"சாரே, இந்த பிளாக் நம்பரு போர்ட நான் பாத்திருக்கேன். இந்தோனேசியாவுல லோடிங்குக்கு நிக்கும்போ கரைக்குப் போனோம். மண்ணு கறுப்பு. கால வச்சா முட்டு வரைக்கும் தாழும். வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிய விட்டிருக்கானுவ. நீங்க இல்லேன்னுல்லா எழுதுதிய?"

அடுத்த கப்பல் வெளியே காத்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சேவியர், நீங்க பம்பைப் பாருங்க. பேப்பரை நான் பாத்துக்கறேன். யல்லா, சீக்கிரம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

போன மாதம் சேவியர் மறுபடி புஜைரா வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கஃப்டீரியாவில் இருவரும் கரக் டீ குடித்தோம். போனை நீட்டினார். தோட்டம் இருக்கும் இந்தோனேசிய ஊரின் படகுக்காரர் ஒருவர் அனுப்பிய வீடியோ.

தீ இல்லை. ஜுவாலை இல்லை. வெறும் தரையிலிருந்து புகை. ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். 'உஸ்' என்று ஆவி கிளம்புகிறது. பக்கத்தில் மண்வெட்டியால் கொத்துகிறார். உள்ளே... அடுப்புக்குள் பார்ப்பதுபோல் சிவப்பு! ஓரத்தில் போர்டு. அதே பிளாக் நம்பர்.

"சாரே, பம்ப நான் ஒழுங்காத்தான் பாத்தேன். பேப்பர நீங்க பாத்தியளா?"

வீடியோவை மறுபடி ஓட்டி, போர்டிலிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

"பக்கத்து பிளாக்குலயும் வாய்க்கால் வெட்டுதானுவ சாரே. வாங்க ஆள் இருக்குல்லா..."

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தின் பழைய நகலைத் தேடி எடுத்தேன். மேப்பில் போட்டேன். இரண்டே நிமிடம். முழுக்க முழுக்கக் கரிச் சதுப்பு. அந்த மண் எரிந்து வெளியேறும் கார்பன், அதன் எண்ணெய் டீசலுக்குப் பதிலாக எரிந்து மிச்சம் பிடிக்கும் கார்பனைவிடப் பல மடங்கு அதிகமாம். அன்றுதான் படித்தேன். இதற்கா 'பசுமை' என்று கையெழுத்துப் போட்டேன்?

எண்ணெய் வாங்கியவர்களுக்கும் என் பழைய கம்பெனிக்கும் கடிதம் எழுதினேன். 'நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. எச்சரித்த பிறகும் போட்டேன். அந்தத் தோட்டத்திலும் பக்கத்து பிளாக்கிலும் வாங்காதீர்கள்.' மனைவி பயந்தாள்.

"ஏங்க, நாம இருக்கறதே பையன் விசாவுல. போலீஸ், கேஸுன்னு வந்தா அவனுக்கு என்னங்க ஆகும்?"

பையனைக் கேட்டேன். "அனுப்புங்கப்பா" என்றான். அனுப்பினேன்.

கேஸ் வரவில்லை. வாங்கியவர்கள் அந்தத் தோட்டத்தையும் பக்கத்து பிளாக்கையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே போன எண்ணெய்? அது எந்த ஊரிலோ பசுமை பஸ் ஓட்டி முடிந்துவிட்டது. பழைய ஆபீஸ் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் சீட்டில் இப்போது இருப்பவர் மட்டும் போன் செய்தார்: "நல்லா மாட்டிவிட்டீங்க சார். இப்ப ஒவ்வொரு கப்பலுக்கும் மேப் பாக்க வேண்டியிருக்கு!"

போன வாரம் சேவியரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சாரே, பக்கத்து பிளாக்குல வாய்க்கால் வெட்டு நின்னுபோச்சு. பழைய பிளாக்குல மட்டும் பொக நிக்கல. வாளி வச்சி ஊத்துனா இது அணையாது. பெருமழ பெஞ்சி தண்ணி கெட்டி நின்னாத்தான் உண்டு."

மழை அபூர்வமான இந்த ஊரில் நாற்பது வருடங்களாக இருக்கிறேன். இப்போது தினமும் காலையில் இந்தோனேசியாவில் மழை உண்டா என்று பார்க்கிறேன்... இன்றும் இல்லை!