ஒரு நாளைக்கு நாலு டோனட்

புருசன் கிளைட்டனைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று போன் வந்தபோது சுஜாந்தி அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தாள். களப்புக் கரையில் இருந்த ஒரு கேம்பின் சமையலறையில் அவளுக்கு வேலை. பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கிற இழுவையில் பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடம் அது. போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு அன்னாசியையும் வெட்டினாள். தட்டில் அடுக்கி, ஈ மொய்க்காமல் மூடினாள். அதற்குப் பிறகுதான் பெரிய குக் றொபியிடம் போனாள்.

"றொபி அண்ணா, நான் வீட்ட போகோணும். அவருக்குக் கால் ரெண்டும் வேலை செய்யுதில்லையாம்."

சிலாபத்துக்காரரான றொபி கையிலிருந்த கரண்டியோடு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளைட்டன் கடலட்டைக்கு முக்குளிப்பவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் கிடக்கும் அட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டு வருவது தொழில். அன்றைக்கு நாலாவது சிலிண்டர். அடியில் நிற்கும்போது காற்று முடிந்துவிட்டது. ஆறுதலாக ஏற வேண்டிய ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தான். வள்ளத்தில் ஏறி இருந்து பிளேன்டீ குடித்தான். பகிடியும் விட்டானாம். பத்து நிமிடத்தில் பாதம் விறைத்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. இப்படி வந்தவர்களை வைத்து வைத்தியம் பார்க்கும் அழுத்த அறை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ஒரு நாள் கடந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்று டொக்டர் சொன்னார்.

அவர்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியின் சனம் வீட்டுக்கு வந்து அழுதது. கிளைட்டனின் அக்கா அஜித்தா தலவில் கோயிலுக்கு நேர்த்தி வைத்து முழங்காலில் போனாள். சுஜாந்தியும் கூடவே போய் மெழுகுதிரி கொளுத்தினாள். அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று நினைத்தாள். வீட்டு வேலையைச் செய்தாள், கேம்புக்குப் போனாள், அவனுடைய மூத்திரப் பையை மாற்றினாள், துணியை ஊறப்போட்டாள். ஒரு வருடம் போயிற்று. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது உள்ளுக்குள். கிள்ளினால் கிள்ளுகிறோம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிளைட்டன் முழுநாளும் மல்லாந்து படுத்து, வாட்ஸ்அப்பில் மற்ற முக்குளிப்பவர்கள் போடும் படங்களைப் பார்த்தான். கொஞ்சக் காலத்தில் அதையும் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் முதுகின் அடியில், நாரியெலும்பு முடிகிற இடத்தில் தோல் கறுத்தது. அவனுக்கு நோவு தெரியாது. சுஜாந்தி கண்டபோது கறுப்புப் பிளந்து உள்ளே குழி விழுந்திருந்தது.

புத்தளத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டும் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். அங்கே மருந்து கட்டிய தாதி அக்கீலா மிஸ். ஐம்பது வயதிருக்கும், பர்தாவுக்கு மேல் கண்ணாடி போட்ட மனுசி. ஒரு கடதாசி அளவுகோலை வைத்துப் புண்ணை அளந்து கொப்பியில் எழுதினார். ஆறு சென்றிமீற்றர் நீளம், ஆழம் இரண்டு.

"தங்கச்சி, நாங்க மருந்த வெளிய போடுறம். தசை உள்ளுக்கால வளரோணும். அதுக்குப் புரோட்டின் வேணும். என்ன சாப்பிடுறாரு?"

"ரெண்டு வாய் சோறு. மீன் மணத்துக்கு ஓங்காளிக்கிறாரு. முட்டையைக் கண்டா முகத்தைத் திருப்புறாரு."

"பருப்பு? கோழி?"

"வைக்கிறன் மிஸ். அப்படியே கிடக்கும்."

அக்கீலா மிஸ் கட்டிலுக்கு முன்பக்கம் வந்து கிளைட்டனின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"தம்பி, உங்களுக்கு என்னதான் சாப்பிட ஏலும்?"

"பசிக்கிதில்ல மிஸ்."

"பசிக்கிதா எண்டா நான் கேட்டன்?"

அவன் யோசித்தான். "தேத்தண்ணியோட சொக்லேட் பிஸ்கட் எண்டா திம்பன்."

வாடகை வான் கற்பிட்டி வீதியில் திரும்பி வரும்போது சுஜாந்திக்குக் கேம்பின் டோனட் ஞாபகம் வந்தது. தண்ணீரால் களைத்து வருகிற வெள்ளைக்காரர்களுக்கு றொபி நாலு மணிக்கு அதைப் போட்டு வைப்பார். எண்ணெயில் பொரிப்பதில்லை. வளைய அச்சில் ஊற்றி ஓவனில் வேகவைப்பது. கொக்கோ போட்டுக் கறுப்பாக இருக்கும். அதற்குள் பாலில் எடுக்கிற ஒரு புரோட்டின் மா சேரும். அந்த மா பெரிய டப்பாக்களில் வரும். ஊர் திரும்பும்போது விமானத்தில் பாரம் கூடும் என்று பாதி மாவோடு அறையிலேயே விட்டுப் போவார்கள். துப்புரவு செய்யப் போகிறவர்கள் மாவைக் குப்பையில் கொட்டிவிட்டு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சுஜாந்தியின் வீட்டிலும் அப்படி இரண்டு டப்பாவில் அரிசியும் சீனியும் இருந்தன.

அடுத்த நாள் துப்புரவுக்காரரிடம் இனி மாவைக் கொட்ட வேண்டாம் என்று சொன்னாள். றொபியிடம் பழைய அச்சு ஒன்று கேட்டாள். அஜித்தா குவைத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு வரும்போது கொண்டுவந்த மேசை ஓவன் ஒன்று, பெட்டி பிரிக்காமலே சேலைத் துணியால் போர்த்தி அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"மச்சாள், அந்த ஓவனைத் தாறீங்களா? அவருக்குச் சாப்பாடு செய்யோணும்."

"எடு. ஆருக்கு வச்சிருக்கிறன்," என்றாள் அஜித்தா. தானே தலையில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

முதல் தரம் சுஜாந்தி மாவை அள்ளிப் போட்டாள். கூடப் போட்டால் கூடச் சத்து என்பது அவளுடைய கணக்கு. முட்டை வெள்ளைக்கரு, கொக்கோ, சீனி, கொஞ்சம் கோதுமை மா, பேக்கிங் பவுடர். இருபத்தைந்து நிமிடம் வேகவிட்டாள். அச்சிலிருந்து எடுக்கும்போதே கையில் துள்ளியது. கிளைட்டன் ஒரு கடி கடித்து நெடுநேரம் மென்றான்.

"சுஜா, இது ஒரு சைக்கிளுக்குப் பூட்டலாம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கோழிகளும் தின்னவில்லை.

றொபி கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அந்த மா தண்ணிய உறிஞ்சும் தங்கச்சி. கூடினா இறப்பர். மாவில மூண்டில ஒரு பங்குக்கு மேல போட வேணாம். தயிர் ரெண்டு கரண்டி, நல்லாப் பழுத்த வாழைப்பழம் ஒண்டு மசிச்சுப் போடுங்க. கனக்க அடிக்காதீங்க. பன்னிரண்டு நிமிசம். நடுவுல கொஞ்சம் ஈரம் இரிக்கேக்கயே எடுத்திரோணும். மிச்சம் வெளியில வச்சுத் தானா வேகும்."

இரண்டாம் தரம் ஓரம் வெடித்தது. மூன்றாம் தரம் சரியாக வந்தது. மேலே உருக்கின சொக்லேட்டை ஒரு கரண்டி தடவிக் கொடுத்தாள். கிளைட்டன் ஒன்றைத் தின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்டு இருக்கா?" என்றான். ஊருக்குச் சொல்லவேண்டிய செய்தி அது. அவள் இருக்கிறது என்று மட்டும் சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

அக்கீலா மிஸ் டப்பாவின் லேபலை வாங்கிப் பார்த்துக் கணக்குப் போட்டார். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளைக்கு நாலு தின்னலாம் என்றார். அன்றிலிருந்து கேம்புக்குப் போக முன், விடிய ஐந்தரைக்கு ஓவனைச் சூடாக்குவது சுஜாந்தியின் வழக்கமாயிற்று. நாலு டோனட்டை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அஜித்தா வந்து அவனைப் பக்கம் புரட்டிவிடுவாள். பின்னேரம் தட்டு வெறுமையாக இருக்கும். ஒக்டோபரில் காற்று விழுந்து கேம்பில் ஆள் குறைந்தபோது டப்பாவும் குறைந்தது. அப்போது ஆடை எடுத்த பால்மாவும் வறுத்த பயத்தம் மாவும் போட்டுச் செய்தாள். பயறு மணத்தது. அவன் அதையும் தின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் வெள்ளைக்கருவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளிருந்து அவன் கேட்டான்.

"புண் ஆறினா என்ன செய்யிறது?"

"கதிரையில இருக்கலாம். சில்லுக் கதிரை தாறதெண்டு மிஸ் சொன்னவ."

"இருந்து?"

அவள் ஐந்தாவது முட்டையை உடைத்தாள். மஞ்சள் கரு கலங்கிவிட்டது. அதைப் புறம்பாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

கொப்பியில் இலக்கங்கள் இறங்கின. ஆறு, ஐந்து, மூன்றரை. வைத்தியம் தொடங்கி எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கீலா மிஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மெல்லிய ரோசாத் தோலை விரலால் தொட்டார். அளவுகோலை எடுக்கவில்லை.

"மூடிட்டு. அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி, இது உங்கட வேல."

வார்டில் இருந்த வேறு இரண்டு தாதிமாரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் சுஜாந்தியின் தோளைத் தட்டினார். சுஜாந்தி சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. வானில் ஏறி உப்பளம் கடக்கும் வரைக்கும் உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். எண்ணெய் முடிந்துபோனது, வாங்க வேண்டும் என்ற யோசனைதான் வந்தது. கிளைட்டன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

சில்லுக் கதிரை வந்த பிறகு அவன் முதலில் வாசலுக்குப் போனான். தெருவில் போகிறவர்கள் நின்று நின்று விசாரிப்பது பிடிக்காமல் குசினிக்குத் திரும்பினான். அங்கே சும்மா இருக்க முடியாமல் கொக்கோவை அரித்தான். முக்குளித்து உரமேறிய கை. வெள்ளைக்கருவை முள்ளுக்கரண்டியால் அவன் அடித்தால் சுஜாந்தி அடிப்பதைவிட இரண்டு மடங்கு பொங்கியது. ஒரு மாதத்தில் முழு வேலையும் அவனுடையதாயிற்று. அவள் நித்திரை கொள்ள இன்னும் அரை மணித்தியாலம் கிடைத்தது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் வேலையால் வந்தாள். கிளைட்டன் மேசைக்கு முன்னால் இருந்து டோனட்களுக்குச் சொக்லேட் தடவிக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு நல்லா வந்திருக்கு," என்றான்.

அவளுக்கு ஏதோ தீய்ந்த மணம் வந்தது. டோனட் தீயவில்லை. அவனுடைய மடியைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஓவன் தட்டின் ஓரம் நேர்கோடாகப் பழுப்பாய்ப் பதிந்திருந்தது. சாரத்தை ஒதுக்கினாள். இரண்டு தொடையிலும் குறுக்கே தோல் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. ஒரு கொப்புளம் உடைந்து தண்ணீர் வடிந்தது.

"தட்டை மடியில வச்சீங்களா?"

"துணி போட்டுத்தான் வச்சன். மேசைக்குக் கொண்டு வரோணுமே."

"நோகேல்லையா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. அவன் குனிந்து, வேறு ஆருடையதோ தொடையைப் பார்ப்பதுபோலத் தன் தொடையைப் பார்த்தான்.

அவள் வாளித் தண்ணீரை ஜக்கால் அள்ளி அள்ளி ஊற்றினாள். குசினித் தரை முழுக்கத் தண்ணீர். பத்து ஜக் வரை கை ஒழுங்காக வேலை செய்தது. பதினோராவது ஜக்கை வாளிக்குள்ளேயே விட்டாள். அவனுக்கு வலிக்காத இடத்தில் அவளுக்கு வலித்தது, தன் தொடையிலேயே, தோல் உரிகிறமாதிரி. அப்படியே ஈரத்தில் இருந்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அஜித்தா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

அது அதிக நேரம் நீடிக்கவில்லை. அஜித்தா அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள். சுஜாந்தி முகத்தைத் துடைத்தாள்.

"இனி நீங்க ஓவனுக்குக் கிட்டப் போகக்கூடாது," என்றாள்.

"போவன்."

"வேணாம் எண்டுறன்."

"பின்ன நான் நாள் முழுக்க என்ன செய்யிறது, சொல்லு."

அவன் குரலில் கோபம் இருந்தது. இத்தனை காலத்தில் அவன் ஒன்றுக்காகச் சண்டைபிடித்து அவள் கேட்டதில்லை. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே புத்தளம் போனார்கள். கிளினிக் நாள் இல்லாதபடியால் வார்டுக்கே போக, அக்கீலா மிஸ் ஏசினார். தொடையில் மருந்து கட்டினார். கதிரையின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பலகை பூட்டச் சொன்னார், முழங்கையளவு இறப்பர் கையுறை வாங்கச் சொன்னார். கட்டி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்டார்.

"அந்த டோனட்டுல ஹராமான சாமான் ஏதும் ஈக்கிதா? ஜெலட்டின் அப்பிடி?"

"இல்ல மிஸ். முட்டை, தயிர், மா."

"எனக்கில்ல. பக்கத்துக் கட்டில்ல ஒரு ஐயா. அவருக்கும் ஒண்டும் இறங்குதில்ல. மத்தவங்களுக்கும் குடுக்கோணும், அதான் கேட்டன்."

அந்த ஐயா எலுவன்குளத்துக் குலசேகரம். வயலில் யானைக்குக் காவல் இருக்க மரத்தில் கட்டிய குடிலிலிருந்து விழுந்தவர். அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அவருக்கும் அதே இடத்தில் புண்.

தொடைப் புண் ஐந்து கிழமையில் ஆறியது. வடு இருக்கிறது. இப்போது கிளைட்டன் திங்கட்கிழமைகளில் இரண்டு தட்டு போடுகிறான். பலகைக்கு மேல் தடித்த கோணிச் சாக்கு மடித்து, அதற்கு மேல்தான் தட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். அஜித்தா வந்து பார்த்துவிட்டுப் போவாள். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகும் வானில் டோனட் பெட்டி போகும். கடலுக்கு அவன் திரும்பப் போகப்போவதில்லை. சுஜாந்தி கேம்புக்குப் போய் வருகிறாள். அன்றைக்குக் குசினியில் வந்த அழுகை பிறகு வரவில்லை. வரவேண்டும் என்று அவள் பார்த்திருப்பதும் இல்லை.

போன கிழமை பின்னேரம் குலசேகரம் ஐயா போன் எடுத்தார். கிளைட்டன் போனை மேசையில் வைத்துப் பெரிய சத்தத்தில் கதைத்தான். அவர் யானைக் கதை சொன்னார், இவன் அட்டைக் கதை சொன்னான். அரை மணித்தியாலம் போயிற்று.

"சுஜா, ஐயாவுக்கு டோனட்டில இனிப்புக் காணாதாம்."

"காணாட்டி சீனிப்பாணி ஊத்திச் சாப்பிடச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, காற்று ஏறுகிறதென்று கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்க அவள் வெளியே போனாள்.