கட்டை விரலைத் தேடிப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு

காலை 6.00. ஈரோட்டில் பாசஞ்சர் ஏறினேன். பொம்மிடிக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். எதிரே இருந்த அம்மாள் எங்கே பயணம் என்று கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன்னால் அச்சான ஒரு படத்தில் கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றால், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்கு என்று சொல்லிவைத்தேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். என் மாமனார் அந்தக் காலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதைப் படம் போட்டவர். ஈரோட்டில் உட்கார்ந்து வரைந்து, சுருட்டி, சென்னை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். ஒரு தொடரின் கடைசி வாரம். ஒகேனக்கல்லில் கதாநாயகன் பரிசலில் போகிறான். கதாநாயகி பாறைமேல் நின்று ஒரு கையைத் தூக்கி விடைகொடுக்கிறாள். உள்ளங்கை நம் பக்கம். பஸ் கிளம்பிப் போனபிறகுதான் மாமாவுக்குச் சந்தேகம் தட்டியது. கட்டை விரல் அவள் முகத்துப் பக்கம் இருக்க வேண்டும். அவசரத்தில் வெளிப்பக்கம் போட்டுவிட்டோமோ? (நீங்களும் இப்போது கையைத் தூக்கிப் பார்ப்பீர்கள். எல்லோரும் பார்க்கிறார்கள்.) அச்சாகி வந்த இதழை வெட்கத்தில் அவர் பிரிக்கவே இல்லை. பத்திரிகைக்குப் படம் போடுவதையும் அதோடு விட்டுவிட்டு, துண்டுக்கும் லுங்கிக்கும் லேபிள் வரையப் போய்விட்டார்.

இப்போது அவருக்கு எண்பத்தொன்று. கண்ணில் நீர் அழுத்தம் வந்து, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிகிறது. பார்வை இருந்தவரை அந்தப் படத்தின் பேச்சையே எடுக்க விடாதவர், பார்வை போனபிறகு அதையே கேட்டு நச்சரிக்கிறார். சரியாகத்தான் இருக்கும் மாமா என்று எத்தனை முறை சொன்னாலும், "நீ என்ர மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுவ கண்ணு" என்பார். வீட்டில் அவர் வரைந்த ஒரு பக்கம்கூட இல்லை.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பழைய பத்திரிகைப் படம், தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று பித்துப்பிடித்த ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறேன். போன மாதம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பெண், தன் மாமியார் வைத்திருக்கும் பைண்டு புத்தகத்தின் அட்டையை அதில் போட்டாள். வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வதுதான் நம் வீடுகளில் வழக்கமாயிற்றே. அதே தொடர். கடைசி வாரமும் இருக்கிறதாம். உள்ளே படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். அத்தை மாட்டேன் என்கிறார், நேரில் வந்தால் காட்டுவாராம் என்று பதில் வந்தது. எனக்கும் ஒரு நாள் கடையைப் பூட்ட சாக்கு வேண்டியிருந்தது.

காலை 8.00. பொம்மிடி. ஸ்டேஷனுக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடையில் மூன்று வருடத்துக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. தேதி கிழிந்து தீர்ந்தாலும் முருகன் படத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை என்றார் கடைக்காரர். என் ஜாதி ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாப்பிரெட்டிப்பட்டி பதினாறு, பதினேழு கிலோமீட்டர் இருக்கும் என்ற நடத்துநர், யார் வூட்டுக்கு என்றும் விசாரித்தார். புத்தகம் வைத்திருக்கும் அந்த மாமியாரின் பெயரைச் சொன்னேன், சரோஜா. பெயர் போதவில்லை. மரவள்ளி, பாக்குத்தோப்பு, பிளவுஸ் தைப்பவர் என்று சேர்த்துச் சொன்னதும் பஸ்ஸில் நான்கு பேர் வழி சொன்னார்கள். நான்கும் வேறு வேறு வழி. பின்னால் சேர்வராயன் மலை விலக விலக, முன்னால் சித்தேரி மலை நெருங்கி வந்தது. இரண்டுக்கும் நடுவே கரும்பும் மரவள்ளியுமாக ஒரே பச்சை. மாமாவுக்குச் சொல்ல வேண்டுமென்று அந்தப் பச்சையை மனசுக்குள் வார்த்தையாக்கிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

காலை 9.15. சரோஜா அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, "வாங்க, வூட்டுக்குள்ள வாங்க" என்றார். நான் கொண்டுபோன பவானி ஜமுக்காளத்தை வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை. முதலில் மோர் வந்தது. பிறகு தோப்பைச் சுற்றிக் காட்டினார். பிறகு ராகிக் களியும் கடலைத் துவையலும் வந்தன. களி பிரமாதம், இரண்டாவது உருண்டையும் வாங்கினேன். ஆனால் நாலு மணிக்கு எனக்குத் திரும்புகிற வண்டி. பன்னிரண்டரை ஆனதும் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

பீரோவிலிருந்து எடுத்து வந்தார். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க."

பிரித்தேன். படம் இருந்த ஒவ்வொரு பக்கமும் ஓட்டை. கோடு போகிற வழியெல்லாம் ஊசியால் நெருக்கமாகக் குத்திய பொடி ஓட்டைகள். அதன்மேல் நீலக் கறை. மூக்கு, புருவம், சேலை மடிப்பு, ஒரு படம்கூடத் தப்பவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒளித்து என்ன? அந்த அம்மாளின் களியைத் தின்ற வாயால் நன்றாகக் கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. அவரே சொல்லத் தொடங்கினார். பதினேழு வயதில் தலையணை உறையில் எம்ப்ராய்டரி போடும் ஆசை. டிரேசிங் பேப்பர் வாங்க சேலத்துக்குத்தான் போகவேண்டும், யார் விடுவார்கள்? எனவே பத்திரிகைத் தாளையே கம்பளிமேல் விரித்து ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் நீலத்தைக் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பார். ஓட்டை வழியாக இறங்கிப் படம் துணியில் பதிந்துவிடும். தெருவில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு இந்தக் கதாநாயகி போட்ட உறைதான் போனது. சொல்லும்போது அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியும் பெருமையும் சரிபாதி இருந்தன. நானும் கடையில் நாளெல்லாம் நகல் எடுப்பவள்தான். கரண்ட் போனால் என் பிழைப்பும் போச்சு. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். பாறை, பரிசல், தூக்கிய கை. கட்டை விரல் வெளிப்பக்கம்தான் இருந்தது. மாமா பயந்தது சரி. ஆனால் அந்த விரலில் மட்டும் ஒரு ஊசித்துளைகூட இல்லை. முகத்துப் பக்கம், வெறும் தாளில், துளைகளாலேயே வேறொரு கட்டை விரல் நின்றது.

"அது தப்பா இருந்துச்சுங்க" என்றார் சரோஜா அக்கா. "ரெண்டு நாள் என் கையையே தூக்கித் தூக்கிப் பாத்தேன். அப்பறம் குத்தறப்பவே சரி பண்ணிட்டேன்."

வரைந்தது யார் என்று அப்போதுதான் சொன்னேன். என் மாமனார் என்றதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. பெரியவர் படத்தில் கைவைத்துவிட்டேனே, தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். என் வாயை நம்பி யாரும் ரகசியம் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. புத்தகத்தை முழுசாகவே கொடுத்தார், நேரில் கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

மாலை 4.00. பொம்மிடியில் வண்டி. ஈரோடு வரும்வரை மனசுக்குள் பொய்யை ஒத்திகை பார்த்தேன். "சரியாத்தான் இருக்குங்க மாமா." நாற்பது வருடக் கவலை தீர ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுவிடும்? ஆனால் அவர் நம்பமாட்டார். சேலம் தாண்டும்போது கடைசிப் பக்கத்தை மறுபடி பிரித்துப் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். துளைகள் பொரிப்பொரியாக விரலில் தட்டுப்பட்டன. அச்சு மையைக் கையால் பார்க்க முடியாது. ஊசி குத்தியதைப் பார்க்கலாம். அந்த நிமிடம் நான் சரோஜா அக்காவைக் கும்பிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க.

வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல், மாமாவின் மடியில் புத்தகத்தை வைத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விரலை எடுத்து முதல் புள்ளியில் வைத்தேன். பிறகு அவரே போனார். பாறையை உடனே கண்டுபிடித்துவிட்டார். சேலை, தோள், தூக்கிய கை. நான்கு விரலையும் எண்ணினார். கட்டை விரலுக்கு வந்ததும் நின்றார். உள்பக்கம். வெளிப்பக்கம் தேடினார், ஒன்றும் இல்லை. மறுபடி உள்பக்கம். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்யே தேவைப்படவில்லை என்று நினைத்தேன்.

"நான் கட்டை விரலை வளைச்சுத்தான் போடுவேன். இது நேரா நிக்குது" என்றார் மாமா. "யாரு கண்ணு இதைத் திருத்துனது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கேட்டு முடித்ததும் போனைப் போட்டுத் தரச் சொன்னார். ஸ்பீக்கரில் மன்னிக்கச் சொல்லி ஆரம்பித்த சரோஜா அக்காவை மாமா பேச விடவில்லை.

"ஒருத்தராச்சும் கடிதாசி போட்டுத் திட்டுவாங்கன்னு எத்தனை வருசம் பாத்தேன் தெரியுங்களா" என்றார். "ஒருத்தருமே பாக்கலீன்னு நெனச்சுட்டேன் அம்மணி. நீங்க பாத்திருக்கீங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாமா, மற்ற படங்களில் வேறு எங்காவது இப்படித் திருத்தியதுண்டா என்று கேட்டார். மெதுவாகப் பதில் வந்தது: இன்னும் ரெண்டு இடத்துலங்க.

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. எங்கே என்று சொல்ல வேண்டாம், தானே கண்டுபிடிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தேடித் திருப்பினார்.