அடிக்கிறேன் என்று சொன்ன பிறகு

முள்ளி கொன்றவர்களை யாரும் எண்ணி வைத்ததில்லை. தாடையில் அடி விழுந்தால் பல் எந்தப் பக்கம் தெறிக்கும், முழங்கால் நொறுங்கினால் ஆள் எப்படி மடங்குவான் என்று டிங்கர் விவரிக்கத் தொடங்கும்போதே பேக்கரிக்காரர் கையிலிருக்கும் பன்னைக் கீழே வைத்துவிடுவார்.

"சாப்பிடுற நேரத்துல ஏன்யா?"

"நானா சொல்றேன்? முள்ளி சொல்றா."

முள்ளிக்கு ஒரு கண்தான். இடது காது பாதி அறுந்தது. ஆளுயரச் சுத்தியலைத் தோளில் சுமந்து திரியும் கூலிப்படைக்காரி. அவள் இருந்தது ஒரு மேசை விளையாட்டுக்குள். ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். ஒருவர் கதை சொல்வார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்போம். பேக்கரிக்காரர் திருடன், நான் வைத்தியன். என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் சொன்னது நடக்கும், சின்ன எண் என்றால் சொதப்பல்.

எங்கள் மேசைக்கு இரண்டு சட்டங்கள். பகடையை எவர்சில்வர் கிண்ணத்தில், எல்லார் கண்ணும் பார்க்க உருட்ட வேண்டும். கதை சொல்பவருக்கும் அதே கிண்ணம்தான். ஆள் செத்தால் அவர் விவரம் எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும், அதே ஆளாகத் திரும்பி வரக் கூடாது. நானும் பேக்கரிக்காரரும் பல முறை செத்து வேறு வேறு பேராகப் பிறந்துவிட்டோம். டிங்கர் மட்டும் பத்துப் பதினைந்து வருடமாக முள்ளிதான். அவள் படத்தையும் வரைந்து வைத்திருந்த அந்தக் காகிதம் பழைய துணிபோல மெலிந்திருந்தது.

டிங்கர் என்றால் கார் பட்டறையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். இருபது வயதில் ஏதோ ஒரு கேலிக்காக ஓர் ஆளின் தாடையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தபோது கூட்டிக்கொண்டு போக ஒருவர்தான் வந்திருந்தார், அக்காவின் கணவர். எங்களுக்குக் கதை சொல்பவர் அவர்தான், நாங்கள் கூடுவதும் அவர் வீட்டில்தான்.

"கை அரிச்சா இங்க வந்து அடி. வெளிய இன்னொரு தடவ அடிச்சேன்னு வச்சுக்க, உள்ள போட்டு உன்னை மறந்தே போயிடுவாங்க" என்று சொல்லி இந்த மேசையில் உட்கார வைத்தவர்.

டிங்கர் அதைக் கடைப்பிடித்தார். பட்டறையில் யார் கத்தினாலும் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சுத்தியலாகும். முள்ளியின் கையால் மண்டை பிளந்து கிடப்பவனுக்குத் தொப்பை, தங்கப்பல் என்று அடையாளம் வரும்போது பேக்கரிக்காரர் கேட்பார், "இது பம்பருக்குச் சண்டை போட்டவன்தானே?"

"ஆமா. பாவம், நல்ல மனுஷன். வெளியில."

அந்த ஞாயிறு அக்கா தேநீர்த் தட்டை இடது கையால் கொண்டுவந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. தையல் கூடத்தில் காஜா எடுக்கும் கை.

"என்னக்கா இது?"

"வழுக்கி விழுந்துட்டேன்டா."

கட்டுக்கு மேலே நாலு நீலத் தடங்கள், விரல் அகலத்தில். எனக்கே தெரிந்தது. டிங்கர் அவற்றை நசுங்கிய கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், எந்தப் பக்கமிருந்து இடி வந்தது என்று. உட்கார்ந்து, முள்ளியின் காகிதத்தைப் பிரித்தார்.

கதையில் அன்று கொள்ளையர்களைத் துரத்த வேண்டும். முள்ளி போகவில்லை.

"முள்ளி கோட்டைக்குள்ள போறா. ராஜா முன்னாடி நிக்கிறா" என்றார் டிங்கர். "கேக்கறா. உங்க ராணிக்குக் கை எப்படி உடைஞ்சுது?"

கதைக்காரர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "வழுக்கி விழுந்துட்டா."

"முள்ளி நம்பல."

"அது ராஜா வீட்டு விஷயம். கூலிக்காரிக்கு என்ன வந்துச்சு? காவல்காரங்க பாயறாங்க."

முள்ளி அன்றுபோல் ஒருநாளும் அடித்ததில்லை. முதலாமவனின் நெஞ்செலும்பு உள்ளே போனது. இரண்டாமவனைப் படிக்கட்டோடு சேர்த்து நசுக்கினாள். கிண்ணத்தில் பகடை கணகணவென்று விழுந்துகொண்டே இருந்தது; ஒவ்வொன்றும் பெரிய எண். டிங்கரின் குரல் ஏறவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஈட்டிகள் முறிந்தன, தரை வழுக்கியது, முள்ளி சிம்மாசனத்துக்கு இரண்டு எட்டு தூரத்தில் நின்றாள்.

கதைக்காரர் பகடையை எடுத்தார். கிண்ணத்தில் போடவில்லை. மேசைமேல் உருட்டி, நின்றவுடன் உள்ளங்கையால் மூடினார். விரலிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"ஈட்டி தொண்டையில ஏறிடுச்சு. முள்ளி செத்துட்டா."

"கையை எடுங்க மாமா."

"காகிதத்தைக் கிழி."

"கிண்ணத்துல போடலியே. கையை எடுங்க."

கதைக்காரர் மற்றக் கையை நீட்டி முள்ளியை எடுத்தார், ஒரு முனையைப் பல்லில் கடித்து இரண்டாகக் கிழித்தார்.

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் டிங்கரின் இடது கை கதைக்காரரின் கழுத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தியிருந்தது. தேநீர் மேசையெங்கும் ஓடியது. மூடியிருந்த கை விலகிய இடத்தில் பகடை கிடந்தது. இரண்டு. அந்த ஈட்டி ஈயைக்கூடக் கொன்றிருக்காது.

வலது முஷ்டி காதுவரை பின்னே போனது. அந்த முஷ்டி இறங்கினால் மறுபடி ஜெயில். அக்கா இந்த வீட்டில் இவரோடு தனியாக. நான் எழுந்தேன்.

"அடிக்கிறேன்" என்றார் டிங்கர்.

இத்தனை வருடப் பழக்கம் என்னவெல்லாம் செய்யும் என்று அன்று பார்த்தேன். பேக்கரிக்காரர், அவரறியாமலேயே, பகடையைக் கிண்ணத்தில் போட்டு டிங்கர் பக்கம் தள்ளினார். "உருட்டு." டிங்கரின் முஷ்டி விரிந்தது. ஒரு கையில் கழுத்து, மற்றக் கையில் பகடை. உருட்டினார். நாங்கள் எல்லாரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கதைக்காரரும்தான்.

அக்கா அந்த மேசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது.

சமையலறை வாசலிலிருந்து வந்தவர், பகடை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தை இடது கையால் தூக்கினார். முதல் அடி மூக்கில். ஈரக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். டிங்கர் திகைத்துக் கையை எடுத்துவிட்டார். கதைக்காரர் சரிந்தார். இரண்டாவது அடி வாயில். சட்டையில் ரத்தம், தரையில் ஒரு பல், அதன் பக்கத்தில் பகடை. என்ன எண் என்று யாரும் பார்க்கவில்லை.

அக்கா தம்பியிடம் திரும்பினார். "அடிக்கிறதுக்கு எதுக்குடா கேட்டுக்கிட்டு நிக்கற? இந்தாளு என்னை ஒருநாளும் கேட்டதில்ல."

ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாராம் கதைக்காரர். அதற்குள் அக்கா ஒரு பையோடு தம்பி தங்கும் பட்டறை மாடிக்குப் போயிருந்தார். பைக்குள் துணிகளும் அந்தக் கிண்ணமும் இருந்தன.

இப்போது பட்டறையில்தான் விளையாடுகிறோம், கவிழ்த்துப் போட்ட கார் பானட் ஒன்றின் மேல். கதை சொல்வது நான். "வாயைத் திறந்து சொல்லுப்பா, ரகசியமா?" என்று பேக்கரிக்காரர் வாராவாரம் அதட்டுகிறார். முள்ளி சாகவில்லை, விழுந்தது இரண்டு. அவளைப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார் டிங்கர். கிழிசலின் வெள்ளை வரி படத்தில் கழுத்துக்குக் குறுக்காகப் போகிறது என்று அவளுக்கு ஒரு தழும்பும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரம் டிங்கர் கிண்ணத்தைப் பிடித்து ஒடுக்கு எடுக்கத் தொடங்கினார்.

"இருக்கட்டும்டா, ஞாபகத்துக்கு" என்றார் அக்கா.

"டைஸ் பள்ளத்துலயே போய் நிக்கும்கா. நியாயமா உருளாது."

தட்டி முடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நானும் ஒருத்தியா வரேன். என்ன பண்ணணும்?"

"என்ன செய்யப் போறன்னு முதல்ல சொல்லணும். அப்புறம் உருட்டணும்" என்றார் டிங்கர்.

"சொல்லாமச் செய்யக் கூடாதா?"

பேக்கரிக்காரர் கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.