பனியில் காயப்போட்ட சாக்ஸ்

போன பிப்ரவரி மாதம் இமாசலப் பிரதேசத்தில், ஸ்பிதி பள்ளத்தாக்கில், ஒரு சின்ன ஊருக்கு வெளியே நடந்தது இது. சங்கரன்கோவிலில் நைட்டியும் துண்டும் விற்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவே கேட்டது.

மனைவி இறந்த பிறகு பிடித்த கிறுக்கு அது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தி போனால் மீதி ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை, யாருமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களைக்கூட நக்கல் அடித்துச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினேன். என் சுபாவம் அப்படி. என் தலையைக் கண்டாலே ஊரில் வாயைச் சிரிப்புக்குத் தயாராக வைத்துக்கொள்வார்கள். சிரிக்க வைக்க ஆளே இல்லாத இடமாகப் போய்க் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் போலிருந்தது.

முதல் தடவை கோடையில் போனேன். மொட்டை மலை, பச்சைப் பட்டாணி வயல், கண்ணாடி மாதிரி ஓடை. அடுத்த தடவை ஐப்பசியில். மரமெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது. இரண்டு தடவையும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் குறையே. “அங்க பாரு” என்று சொல்லப் பக்கத்தில் திரும்புவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் முட்டைக்கோஸ் மூட்டை உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதாக, கொட்டும் பனியில் போகிறேன் என்றதும் எதிர்க் கடை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

“ஏன்வே, ஒமக்குக் குளிருதான் வேணும்னா ஐஸ் பேக்டரியில போயிப் படுக்க வேண்டியதுதானே? அங்கன போயி யாருக்குவே நைட்டி விக்கப் போறீரு?”

“பனிக்கரடிக்கு அண்ணாச்சி. டபுள் எக்ஸெல்லாப் பாத்து எடுத்து வச்சிருக்கேன்.”

“செத்துகித்துப் போயிராதேயும். பொணத்தத் தூக்கியார இங்கனருந்து ஒரு பய வரமாட்டான், பாத்துக்கிடும்.”

“அங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி. அந்தக் குளிருல அழுகாமக் கெடக்கும்.”

துணி எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வராவிட்டாலும் ஒன்றுமில்லை, அவள் போன இடத்துக்குப் போனதாக இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு ரொம்ப நாளாகவே உள்ளே இருந்தது. சாவுக்குப் பயப்படாத ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமையும் இருந்தது.

இது நடந்த அன்றைக்கு என் மனைவியின் திதி. ஊரில் இருந்தால் சொந்தக்காரர்கள் மனையில் உட்கார வைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்வார்கள் என்றுதான் அந்த நாளாகப் பார்த்து வந்திருந்தேன். தங்கியிருந்த வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காலையில் கிளம்பி நடந்தேன். அடுத்த ஊருக்கு மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு பாதை உண்டு. ஆனால் கீழே ஓடை உறைந்து, வெள்ளைப் பாய் விரித்த மாதிரி நேராகப் போனது. அது அடுத்த ஊரைத் தொட்டுக்கொண்டு போவதைக் கோடையிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

நான் பிறந்தது மேலநீலிதநல்லூர்ப் பக்கம். அங்கே ஓடை என்றால் பாதை என்று அர்த்தம். மழைக்குக் கொஞ்ச நாள் தண்ணீர் போகும். மற்ற நாளெல்லாம் ஆடு, சைக்கிள், டிராக்டர், பெண் பார்க்கப் போகிற கூட்டம், எல்லாம் ஓடைக்குள்தான் போகும். ஓடையைப் பிடித்து நடந்தால் ஊர் வந்துவிடும் என்பது எங்கள் காலுக்கே தெரியும். நான் யோசிக்கவே இல்லை. கால் இறங்கிவிட்டது.

கொஞ்ச தூரம் மாப்பிள்ளை மிடுக்கோடு நடந்தேன். காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. மேலே பாய் விரித்துவிட்டு, அடியில் ஓடை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காலை உருவிக்கொண்டு, பல்லி மாதிரி ஊர்ந்து, கரையில் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்துச் செய்த காரியம் இருக்கிறதே, அதை எங்கள் ஊர்க்காரனைத் தவிர எவனும் செய்ய மாட்டான். வானம் நீலம், வெயிலில் கண் கூசியது. நனைந்ததை வெயிலில் போட்டால் காயும் என்பதில் சங்கரன்கோவிலில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றி, முறுக்கிப் பிழிந்து, பாறையில் சுருக்கமில்லாமல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்தேன். பேண்டைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் வெயில் வெளிச்சத்துக்கு மட்டும்தான்.

சாக்ஸ் வாளைக் கருவாடாக விறைத்தது. ஷூவுக்குள் கால் நுழையவில்லை. கால் முதலில் எரிந்தது, பிறகு ஊசி குத்தியது, பிறகு ஒன்றுமே இல்லை. தட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து நின்றேன், விழுந்தேன்.

சாவுக்குப் பயப்படாத ஆள் அப்போது என்ன செய்தார் தெரியுமா? “ஏலே, எந்திரிலே” என்று முதலில் காலை அதட்டினார். பிறகு மலையைப் பார்த்து, “யாராவது இருக்கியளா? நான் சங்கரன்கோயில்லேருந்து வந்திருக்கேன்!” என்று கத்தினார், ஊர்ப் பேரைக் கேட்டதும் அங்கே நாற்காலி எடுத்துப் போடுவார்கள் என்கிற மாதிரி. கோமதி அம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்தேன். எடுக்கத் தலையில் ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்து, மீசையைத் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டேன். செல்போனில் சிக்னல் இல்லை. கிடைத்தால் மட்டும் யாரைக் கூப்பிடுவது? நான் செத்துப்போனேன் என்று யாராவது தகவல் சொன்னாலும், “அவனுக்கு வேற சோலி இல்ல” என்று அண்ணாச்சி போனை வைத்துவிடுவார். காலையில் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள எனக்கு ஆளில்லாமல் போய் வருஷக்கணக்காகிறது. நான் வராததைக் கவனிக்க இந்தப் பூமியில் ஒரு ஜீவனும் இல்லை என்பது அந்தப் பாறையில் வைத்துத்தான் முழுசாக உறைத்தது.

கடைசியில் அழுதுகொண்டே கத்தினேன்: “ஏட்டி, என்னைக் காப்பாத்துட்டி!”

அவளிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வந்தவன், சேர்ந்துவிடக் கூடாது என்று அவளையே கூப்பிட்டேன்.

கத்தக் கத்தத் தொண்டை அடைத்துவிட்டது. அப்படியே சாய்ந்து கிடந்தபோது ஓடைக்கரையில் ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். முதுகில் பிளாஸ்டிக் கேன். பனிக்கட்டியில் போட்டு வைத்திருக்கிற குழியில் தண்ணீர் எடுக்க வந்தவள். அவள் முதலில் பார்த்தது சாக்ஸைத்தான். அதையும் அதன் மேல் இருந்த கல்லையும் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் வந்து என் காலைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கேனை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கம்பளி அங்கியை அவிழ்த்து, உள்ளே இருந்த துணிகளை விலக்கி, என் காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்தி, மேலே அங்கியைப் போட்டு மூடினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பஸ்ஸில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம். முன்பின் தெரியாத ஒருத்தியின் வயிற்றில் காலை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? காலை இழுத்தேன். அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றக் கையும் நீட்டினேன். முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பேசாமல் கிட என்று அர்த்தம் போல.

நான் தூங்கிவிடாமல் இருக்க, அரைகுறை இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த ஊர், என்ன வேலை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எதற்கும் ஒரு நக்கல் கையில் வைத்திருக்கிறவன் நான். அதற்கு மட்டும் நேராக, யாரும் இல்லை என்றேன். அவள் அங்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் காலில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி வலி வந்தது. ஊளையிட்டேன். அவள் தலையை ஆட்டினாள், அடுப்பு பற்றிக்கொண்டது என்கிற மாதிரி. பிறகு அவள் கூப்பிட்டு ஊரிலிருந்து ஆள் வந்து, தூக்கிப் போய், ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கால் பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அவள் பேரைக் கேட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் இந்தக் கதையைச் சாக்ஸோடு நிறுத்திவிடுவேன். அதற்கே வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதற்கு மேல் சொல்ல வாய் வருவதில்லை. சாவுக்குப் பயமில்லை என்கிற ஓர் ஆறுதலைத்தான் அத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் அங்கேயே போய்விட்டது. இப்போது பயமும் இருக்கிறது, வீடும் அப்படியே காலியாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் பேர் தெரியாத ஒருத்தி தன் வயிற்றுச் சூட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய உடம்பு; இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாவிட்டாலும், கீழே போட மட்டும் மனசு வரவில்லை.