இலைச்சாறும் இளநீரும்

என் அண்ணனுக்கு அன்னூருக்கு மேற்கே நான்கு ஏக்கர் வாழை. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டு, வாரம் மூன்று நாள் கோவைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்திலும் அவர் விவசாயத்தை விடவில்லை. முன்புபோல் வாழைக்காட்டைச் சுற்றிவர முடியாததால்தான் சென்சார் போட்டார். வரப்போரம் ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் சின்ன சோலார் தகடு, அங்கிருந்து வேர்ப்பகுதி மண்ணுக்குள் இறங்கும் முனைகள். மண்ணின் ஈரமும் உப்பின் அளவும் கைப்பேசிக்கு வந்துவிடும்.

அதோடு கையடக்கமாக ஒரு மீட்டரும் வாங்கினார். வாழையின் இலைக்காம்பைக் கிள்ளி, பூண்டு நசுக்கும் இடுக்கியில் பிழிந்து, ஒரு சொட்டுச் சாற்றை அதன் குழியில் விட்டால் பொட்டாசியம் எவ்வளவு என்று எண் காட்டும். வாழைக்கு எல்லாவற்றையும்விட அது அதிகம் வேண்டும். தாரின் எடை அதைப் பொறுத்தது. எண் இறங்கினால் சொட்டுநீர்க் குழாயில் பொட்டாசிய உரமான பொட்டாஷைக் கரைத்து விடுவார்.

அவருடைய உடம்புக்கு அதே பொட்டாசியம் ஆகாது. கெட்ட சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடவே கூடாது. அண்ணி காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகுதான் தாளிப்பார். வடித்த தண்ணீர் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற ஒற்றை வாழைக்குப் போகும்.

"எனக்கு ஆகாததையெல்லாம் குடிச்சுப்போட்டு எப்படி நிக்குது பாரு" என்பார் அண்ணன். "சென்சார் வெச்ச மரம் ஒண்ணு இந்த ஒசரம் வந்திருக்குதா?"

"அது குடுத்ததக் குடிக்குதுங்க. உங்களாட்ட அது வேணும் இது வேணும்னு கேக்கறதில்லை" என்பார் அண்ணி.

ஒருமுறை நான் போயிருந்தபோது எனக்கு இளநீர் வெட்டினார்கள். அண்ணன் அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மீட்டரில் விட்டார். எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. கைப்பேசி வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா கண்ணு, பொட்டாஷ் மூட்டையவே ஒடச்சுக் குடிக்கற மாதிரி."

"மீட்டருக்கு மட்டும் ஏனுங்க, ஆசைக்கு நாக்குலயும் ஒரு சொட்டு உட்டுக்கங்க" என்றார் அண்ணி. அண்ணன் சிரித்துவிட்டு மீட்டரைத் துண்டால் துடைத்து உறையில் போட்டார். அதனால், இளநீரில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அண்ணி ஒரு சிறுநீரகம் தருவதாக முடிவாகியிருந்தது. பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. மாற்று அறுவைக்கான அனுமதிதான் பாக்கி. அதுவரை உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றார்கள்.

எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகனுடைய காடு. அண்ணனைவிட மூத்தவர். பொதுக் கிணற்றில் மோட்டார் ஓட்டும் முறை பற்றிய தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருடம். எங்கள் ஊரில் சண்டை என்றால் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்கமாட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால், "தண்ணி குடிச்சாங்களா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். குடிக்காதவரை எந்தப் பேச்சும் பேச்சில்லை.

அந்த வருடம் பெரியப்பா மகனுடைய வாழைகளில் கீழ் இலைகள் ஓரம் மஞ்சளாகித் தீய்ந்து வந்தன. அண்ணன் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். தன் காட்டின் அளவுகளைப் படித்துக் காட்டிவிட்டு, "அங்க என்ன இருக்கும்னு நெனைக்கறே?" என்று என்னிடம் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினார். அங்கே நடந்ததைப் பெரியப்பா மகன் பிற்பாடு எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்த முறையும் ஒரு வார்த்தை மாறியதில்லை.

"ஏனுங்ணா, ஒரு எலைக்காம்பு கிள்ளிக்கட்டுங்களா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"இத்தன வருஷம் பேசாதவன் வந்து எலை கேக்கறயே. பந்தி ஏதும் போடறயா?"

நான்கைந்து மரத்தில் சாறு பிழிந்து பார்த்தார்கள். எங்கள் காட்டில் வருவதில் பாதிகூட இல்லை. வெளுத்த இலையைப் பார்த்து அவர் யூரியாவை ஏற்றிக்கொண்டிருந்தார். பொட்டாஷ் கேட்ட மரத்துக்கு அது உதவவில்லை. எவ்வளவு, எத்தனை தவணையில் விட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். பெரியப்பா மகன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார், நாற்காலி வந்தது. அவரே துரட்டி எடுத்துப்போய் இரண்டு செவ்விளநீர் இறக்கிச் சீவிக் கொண்டுவந்தார்.

"கிட்னிக்கு இதவிட மருந்து ஏதுங்க தம்பி? குடிங்க."

இது அவர் ஒருவருடைய அறியாமை மட்டும் அல்ல. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். அண்ணனுக்கு டயாலிசிஸ் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எது ஆகாது என்பதைச் சொல்லும் அளவுக்குத்தான் எங்கள் வீட்டார் யாரும் அவரிடம் பேசவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாராம், சூடு ஆறட்டும் என்று இருப்பவரைப் போல.

"என்ன, அதையும் மீட்டருல பாக்கோணுமா?" என்று பெரியப்பா மகன் கேலி செய்ய, அண்ணன் சிரித்துவிட்டுக் குடித்தார். "ஒண்ணோட நிறுத்துனா கோவம் மிச்சம்னு ஆயிருமுங்க" என்று அவர் சொன்னதும் இரண்டாவதையும் வாங்கிக் குடித்தார்.

டாக்டர் வேண்டாம் என்றார் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பலமுறை யோசித்துவிட்டேன். அந்த வீட்டில், அண்ணன் வாயிலிருந்து, உண்மையும் குடிக்க மறுக்கும் சாக்காகத்தான் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து, "தண்ணி குடிச்சுட்டேன்" என்றார். அண்ணி சந்தோஷப்பட்டார். "காப்பியா வெச்சாங்க?"

"எளநி."

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி எழுந்துவிட்டார். "நாளைக்கு எப்படியும் டயாலிசிஸ்ல நம்ம முறை இருக்குதில்ல" என்று அண்ணன் உட்கார வைத்தார். விடியும் முன் கால் துவண்டது. காரில் ஏற்றினார்கள். வழியில் கோவில்பாளையம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஞாயிறு வரும் இடைவெளி நீளமானது, இளநீர் காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நானும் அதற்குமேல் எழுதமாட்டேன்.

பாடையின் முன் பக்கம் தோள் கொடுத்தவர் பெரியப்பா மகன்தான். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா எங்கூட்டுல குடிச்சுட்டுத்தான் போனாருங்க தம்பி. அது இல்லீன்னா நான் இந்த வாசப்படி எப்படி ஏறியிருப்பேன்?"

பத்திரிகையில் நடந்ததை நடந்தபடி சொல்வது என் தொழில். இளநீர் காரணமாக இருக்கலாம் என்று பெரியப்பா மகனுக்குத் தெரியத்தானே வேண்டும் என்று அன்று மாலை அண்ணியிடம் கேட்டேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"சொல்லிப்போடாதீங்க. அவரு முடிச்சுட்டுப் போனத நீங்க எதுக்குத் தொடங்கறீங்க?"

சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் பெரியப்பா மகனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இடைப்பட்ட வருடங்களில் மீட்டர் பெரியப்பா மகனிடம்தான் இருந்தது. அண்ணியே கொடுத்தார். வாரம் ஒருமுறை தன் காட்டைப் பார்த்துவிட்டு வரப்பைத் தாண்டி வந்து எங்கள் மரங்களிலும் சாறு பிழிவார். சென்சார் அனுப்பியதைக் கைப்பேசியில் அண்ணி வாசிக்க, இரண்டையும் வைத்து எவ்வளவு பொட்டாஷ் விடுவது என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய மரங்களில் புது இலைகள் ஓரம் தீயாமல் பச்சையாக வந்தன. தார்கள் நன்றாக இறங்கின.

வரும்போதெல்லாம் கையில் ஒரு செவ்விளநீர் சீவிக் கொண்டுவருவார். "தம்பிக்குப் புடிச்சதுங்க அம்மணி" என்று நீட்டுவார். அண்ணியின் சிறுநீரகங்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. அண்ணி அவர் எதிரில் நின்றே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கூட்டைத் துவைக்கும் கல்லருகே போட்டுவிட்டு வருவார். ஒருமுறைகூட வேண்டாம் என்றதில்லை.