பொதுச்சுவர் இல்லாத கடைக்கால்

ஊரில் சொந்த வீட்டுக்குக் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், போடப் போகிறேன், என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடைக்கால்தான். எழுபதுகளின் கடைசியில், ஒரகடத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் போட்டது. அந்தக் கோடையில் ஏரிக்கரைப் புதர்க்காட்டில் பிடித்த தீ, காற்றோடு வந்து எங்கள் தெருவின் கூரைகளில் ஏறிவிட்டது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடுகள்தான் போயின.

அதில் இரண்டு எங்களுடையவை. ஒன்று ஏழுமலை அண்ணனுடையது, மற்றது என்னுடையது. நடுவில் இரண்டுக்கும் ஒரே சுவர். பாகம் பிரித்தபோதும் அந்தச் சுவரைப் பொதுவாகவே விட்டுவைத்திருந்தோம். எனக்குச் சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போனால் அண்ணி சோறு போடுவாள். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு தூக்கம் வரும்வரை பேசுவார். எனக்கு வீடு என்றால் அதுதான். தீக்குப் பிறகு அவர்கள் வாலாஜாபாத்தில் அண்ணியின் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கட்ட ஆரம்பித்தால் அண்ணனும் பக்கத்தில் கட்டுவார், பழையபடி வந்துவிடுவார்கள் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தேன். அதைப் பார்க்க ஒரு நாள் தாம்பரத்தில் காலை ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். இப்போது ஷேர் ஆட்டோக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றிக்கொள்கிறார்கள். அன்று வந்தால் பஸ், வராவிட்டால் நடை. டிக்கெட் அறுபது பைசா. மிச்ச தூரத்தை வரப்பில் நடந்தேன். எரிந்த வீட்டுக்காரர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை. என் மனையில் மட்டும் ஜல்லியும் மணலும் குவிந்து கிடந்தன.

மேஸ்திரி கோவிந்தன் நூல் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் குழி தோண்டியாயிற்று, வடக்குப் பக்கம்தான் பாக்கி.

"இந்தப் பக்கம் இன்னா பண்றது தம்பி? பொதுச்செவுருன்னா பாதி உங்க அண்ணன் மனையில போவும். அவரு ஒத்துக்கினாதான் தோண்டுவேன். நாளிக்கே கான்கிரீட்டு போட்டாவணும். பெர்மிட்டு சிமெண்டு, இப்பவே மூட்ட கெட்டியாவுது."

அப்போதெல்லாம் சிமெண்ட் சர்க்கார் பெர்மிட்டில்தான் கிடைக்கும்; கெட்டுப்போனால் வேறு வாங்க முடியாது. உடனே வாலாஜாபாத் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த பஸ் எல்லா ஊரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். அண்ணன் ஒரு நெல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"காலைல வந்துடறேன்டா. நீ போ," என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். ஊருக்கு வந்ததும், "நடுவுலயே தோண்டுங்க மேஸ்திரி, அண்ணன் வர்றாரு," என்றேன். வருகிறேன் என்றாரே தவிர, சுவருக்குச் சரி என்று அவர் சொல்லவில்லை. அது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் மட்டும் வந்தார். வடக்குக் குழியைப் பார்த்துவிட்டு அதன் ஓரத்தில் சற்று நேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து, நூல் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி என் மனைக்குள் தள்ளி அடித்தார்.

"இன்னா அண்ணே பண்ற?"

"உன் எடத்துக்குள்ளயே போட்டுக்கடா. நான் இத வித்துடலாம்னு கீறேன். உங்க அண்ணிக்கு இந்தத் தெருன்னாலே ஒடம்பு நடுங்குது. நாளிக்கு வாங்கறவன் எப்பிடிப்பட்டவனோ. பாதி செவுரு என் எடத்துல கீது, இடிடான்னு வந்து நின்னான்னா நீ எங்க போவ?"

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினேன். அண்ணனே மண்வெட்டி எடுத்துப் புதுக்குழி வெட்டினார். அந்த மண்ணையே அள்ளிப் பழைய குழியை மூடினோம்.

கலவையில் தண்ணீர் விட்ட பிறகு யாரும் சும்மா நிற்க முடியாது. சித்தாள்களும் நானும் வரிசையாக நின்று பாண்டு சட்டிகளைக் கைமாற்ற, கடைசியில் அண்ணன் நின்று குழியில் கொட்டினார். திமிசுக் கட்டையால் இடித்ததும் அவர்தான். மூலைகளை வேறு தனியாகக் குத்திவிட்டார். தான் வரப்போகாத வீட்டுக்கு இத்தனை சிரத்தையாகக் கொட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். அது அழுகை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். "தண்ணி ஊத்தறத வுட்டுடாத, காஞ்சா வெடிச்சிரும்," என்றார். அச்சகத்துக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, ஆளில்லாத தெருவில் குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன்.

ஆகவே, கடைக்கால் போடப் போகிறவர்களுக்கு: கோடை என்றால் நனைத்த சாக்கைப் போர்த்திவையுங்கள். மூடிய சிமெண்ட் மூட்டைதானே என்று நாள் கடத்தாதீர்கள். சுவர் பொதுவாக இருந்தால் தோண்டுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பக்கம் குடியிருக்க வருவீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் கட்டியிருக்கவே மாட்டேன்.

அண்ணன் மனையில் இப்போது கம்பெனிப் பையன்கள் தங்கும் மாடிக் கட்டடம் நிற்கிறது. வாங்கியவர், அண்ணன் பயந்ததுபோலவே, ஒரு விரற்கடை விடாமல் அளந்து கட்டினார். என் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட அவரால் தொட முடியவில்லை. நான்கு சுவரும் எனக்கே சொந்தம்.